கழிவுநீரைத் தெளியவைக்கும் நாணல் படுகை: ஒரு பாடமும் ஒரு செயல்திட்டமும்

மதிய உணவு முடிந்ததும் பள்ளிக் குழாயடியில் தட்டுக் கழுவும் வரிசை நீள்கிறது. பருக்கை, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "சாக்கடைக்கு, டீச்சர்" என்பார்கள். சாக்கடை எங்கே போகிறது? "ஏரிக்கு", "வாய்க்காலுக்கு", "தெரியல டீச்சர்" என்று பதில்கள் பிரியும். பல பள்ளிகளில் உண்மையான பதில் இன்னும் எளியது. அது எங்கேயும் போவதில்லை. சுற்றுச்சுவருக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகத் தேங்கி நிற்கிறது. கியூலெக்ஸ் கொசு முட்டையிடுவது அங்கேதான். யானைக்கால் நோயைப் பரப்பும் இந்தக் கொசு, டெங்குக் கொசுவைப் போல நல்ல தண்ணீரைத் தேடி அலைவதில்லை.

அந்தத் தண்ணீரை வைத்தே அறிவியல், கணக்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் நடத்த முடியும். முடிந்தால் அந்தத் தேக்கத்தையும் போக்க முடியும். அதற்கான வழிதான் நாணல் படுகை. பொறியாளர்கள் இதைக் கட்டமைக்கப்பட்ட ஈரநிலம் என்கிறார்கள். ஏரிக்கரையிலும் சதுப்பிலும் தானாக நடக்கும் சுத்திகரிப்பை, நாமே ஒரு தொட்டி கட்டி, கல் நிரப்பி, செடி நட்டு நடக்கவைப்பது என்று மாணவர்களுக்குச் சொன்னால் போதும்.

கல்வாழைப் பாத்தி

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. கிராமத்து வீடுகளில் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் கல்வாழையோ வாழையோ சேம்போ நட்டிருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் கல்வாழை அழகுக்காக மட்டும் அங்கே வந்ததல்ல. அந்தச் செடி இருந்தால் தண்ணீர் தேங்காது, நாற்றம் குறையும் என்பது வீட்டுப் பெரியவர்களின் அனுபவம். பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. "உங்கள் வீட்டில், பாட்டி வீட்டில் குளியலறைக்குப் பின்னால் என்ன செடி இருக்கிறது?" என்று கேட்டு, வரும் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்த கேள்வி: அந்தச் செடி என்ன செய்கிறது? ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "செடி அழுக்கைக் குடிச்சிடுது." இதை உடனே தவறு என்று சொல்லிவிட வேண்டாம். பாதி சரி, பாதி தவறு. மீதமுள்ள பாடம் முழுவதும் அந்தப் பாதியைத் தேடிப் போவதுதான்.

அழுக்கு என்றால் என்ன?

கழிவுநீரின் அழுக்கில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்தும் மிதந்தும் இருக்கும் உணவுதான்: மாவுப்பொருள், புரதம், கொழுப்பு. நமக்கு அது கழிவு. நுண்ணுயிரிகளுக்கு அது விருந்து. அவை அதைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன. ஆக்ஸிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பொறுப்பேற்கின்றன, நாற்றம் தொடங்குகிறது. ஏரியில் மீன் செத்து மிதப்பதற்குப் பல நேரங்களில் காரணம் விஷம் அல்ல, மூச்சுத் திணறல்.

ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதே உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. குளிர்நாடுகளில் இதை 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் வைத்து அளந்தார்கள். இந்தியத் தர முறையில் 27 டிகிரியில் 3 நாள். நம் ஊர் வெப்பத்தில் நுண்ணுயிரிகள் வேகமாக வேலை செய்கின்றன என்பதை இந்த ஒரு வேறுபாடே மாணவர்களுக்குச் சொல்லிவிடும். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக 200 முதல் 300 வரை இருக்கும். சுத்திகரித்த நீரை நீர்நிலையில் விட 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த பொது வரம்பு 30. குளிக்கத் தகுந்த ஆற்றுநீருக்கு 3.

எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் அதிகபட்சம் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்க முடியும். பி.ஓ.டி. 250 உள்ள ஒரு லிட்டர் கழிவுநீரை ஏரியில் ஊற்றினால், எத்தனை லிட்டர் ஏரிநீரின் ஆக்ஸிஜன் முழுவதையும் அது கேட்கும்? 250-ஐ 8-ஆல் வகுத்தால் 31-க்குச் சற்று மேல். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் மீண்டும் கரையும் என்பதால் உண்மை நிலை இதைவிடக் கொஞ்சம் மேல்தான். ஆனாலும் ஒரு சொம்பு சாக்கடைக்கு முப்பது சொம்பு நல்ல தண்ணீர் என்ற விகிதத்தைக் கேட்டதும் பிள்ளைகள் ஒரு கணம் யோசிப்பார்கள்.

வேலை செய்வது யார்?

ஆற்றங்கரைப் படித்துறையில் கால் வழுக்கும். அந்த வழுவழுப்பு வெறும் பாசி மட்டுமல்ல, கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் சேர்ந்து கட்டிய மெல்லிய உயிர்ப்படலமும் அதில் உண்டு. நாணல் படுகையில் நிரப்பியிருக்கும் ஒவ்வொரு கல்லின் மேலும், ஒவ்வொரு வேரின் மேலும் இந்தப் படலம் வளர்கிறது. தண்ணீர் கற்களின் இடுக்கில் மெதுவாக நகரும்போது படலத்தில் இருப்பவை உணவைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக, படுகையில் முக்கால்வாசி வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம்தான். செடி அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

செடியின் பங்கு என்ன? நாணல், சம்பு, கோரை போன்றவை சேற்றில் நின்றும் அழுகாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைத் திசு, மேல்நிலைத் தாவரவியலில் நாம் நடத்தும் ஏரங்கைமா. இலை வழியாக வரும் காற்று இந்தக் குழாய்கள் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது. அதில் கொஞ்சம் வேரைச் சுற்றிக் கசிகிறது. எனவே வேரை ஒட்டிய மெல்லிய வளையத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், சற்றுத் தள்ளி இருக்காது. இந்த இரண்டு உலகமும் அருகருகே இருப்பதில்தான் படுகையின் திறமை இருக்கிறது.

நைட்ரஜன் சுழற்சியை இங்கே கொண்டுவாருங்கள். கழிவுநீரில் உள்ள அம்மோனியாவை, ஆக்ஸிஜன் உள்ள இடத்தில் நைட்ரசோமோனாஸ் போன்றவை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் ஆக்ஸிஜன் இல்லாத பக்கத்துக்கு நகர்ந்ததும், வேறு நுண்ணுயிரிகள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. படம் வரைந்து அம்புக்குறி போடும் சுழற்சி, இங்கே ஒரு விரற்கடை தூரத்துக்குள் நடக்கிறது. செடியும் நைட்ரஜனை உறிஞ்சுகிறது. ஆனால் ஊர்க் கழிவுநீர் முழுவதும் வந்து சேரும் படுகைகளில் செடி எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். பாஸ்பரஸ் கதை வேறு. அதைக் காற்றில் விட வழியில்லை. கல்லில் உள்ள கால்சியம், இரும்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட இடம் தீர்ந்ததும் அந்தத் திறனும் தீர்ந்துபோகும்.

ஜெர்மனியில் நடந்தது

பிளான் என்ற ஊரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் 1950-களில் ஏரிக்கோரை வகை ஒன்றைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்தார். நீர்த்தாவரங்கள் அழுக்கால் அழியும், அழுக்கை அவை அழிக்காது என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. சைடல் தளரவில்லை. சரளைக்கல் நிரப்பிய படுகைகளை அடுத்தடுத்து வைத்து, முதலில் மேலிருந்து கீழாகவும் பிறகு பக்கவாட்டிலும் தண்ணீரை ஓடவிட்டுச் சோதித்தார்.

அவரோடு சேர்ந்து பணியாற்றி, பிறகு தனி வழி போன ரைன்ஹோல்ட் கிக்குத், கல்லுக்குப் பதில் களிமண் கலந்த மண்ணில் நாணலை நட்டார். வேர்மண்டல முறை என்று பெயர். 1974-இல் ஓத்ஃபிரேசன் என்ற ஊரில் முழு அளவில் ஒரு படுகை செயல்படத் தொடங்கியது. நாணல் வேர்கள் மண்ணைத் துளைத்துத் துளைத்து, சில ஆண்டுகளில் தண்ணீர் எளிதாகப் புகும்படி மண்ணே மாறிவிடும் என்பது அவருடைய கருதுகோள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இந்த முறையைப் பின்பற்றி ஐரோப்பாவில் கட்டிய பல படுகைகளில் அப்படி நடக்கவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஓடியது. 1980-களில் பிரிட்டனில் மண்ணை விட்டுச் சரளைக்கு மாறினார்கள். கிட்டத்தட்ட சைடல் தொடங்கிய இடத்துக்கே அது வந்து சேர்ந்தது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் கருதுகோள் என்ற சொல்லை விளக்க நாம் படும் பாட்டுக்கு இந்த வரலாறு நல்ல துணை. நாணலின் வேர் மண்ணைத் துளைப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் போவதற்கு அது போதுமா என்பது அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. நாணலின் பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஆற்றோரப் புல் பலவற்றையும் நாணல் என்றே சொல்கிறோம். இந்தப் படுகைகளில் நடப்படுவது உள்ளே குழலாக இருக்கும், ஆளுயரத்துக்கு மேல் வளரும் கொறுக்கை வகை. அது கிடைக்காவிட்டால் சம்பு, கல்வாழை, வெட்டிவேர் எல்லாமே நம் வெப்பத்தில் நன்றாக வளரும்.

கொல்கத்தாவும் ஆர்கேட்டாவும்

கொல்கத்தா நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி பல தலைமுறைகளாகக் கிழக்கே உள்ள ஈரநிலங்களுக்குப் போகிறது. அங்கே கல்லும் இல்லை, படுகையும் இல்லை. ஆழமில்லாத குளங்கள், வெயில், பாசி, மீன் ஆகியவைதான். கழிவுநீரை எவ்வளவு விடுவது, எத்தனை நாள் கழித்து மீன் குஞ்சு விடுவது என்பதை மீனவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர், நகரத்தின் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிப்போய் இந்த அறிவை வெளியுலகுக்குக் காட்டினார். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நம் ஐந்தாம் வகுப்புக் கேள்வியைத்தான் கோஷும் கேட்டார் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்கேட்டா என்ற சிறு ஊர். 1970-களில் பல ஊர்களுக்கும் பொதுவாகப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது, அதற்கு ஆகும் செலவைப் பார்த்து ஊர்மக்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாற்றுவழி கேட்டார்கள். கடற்கழியோரம் பாழாகிக் கிடந்த நிலத்தில், பழைய குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே, சதுப்பு உருவாக்கினார்கள். 1986 முதல் ஊரின் கழிவுநீர் அந்தச் சதுப்பு வழியாகப் போகிறது. இன்று அது பறவை பார்ப்போர் தேடிவரும் இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் தொடக்கத்தில் வழக்கமான படிவுத்தொட்டிகள் உண்டு, கிருமி நீக்கமும் தனியாக உண்டு. இயற்கை முறை என்றால் எல்லாவற்றையும் செடியே பார்த்துக்கொள்ளும் என்று பொருளல்ல. நமக்கு அருகில் பார்க்க வேண்டுமானால், ஆரோவில் பகுதியில் இத்தகைய படுகைகள் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கம் உள்ள பள்ளிகள் முன் அனுமதி பெற்றுக் களப்பயணம் போகலாம்.

வகுப்பறை மாதிரி

ஆறாம் வகுப்பு முதல் செய்யலாம். இரண்டு அடி நீளம், ஓரடி அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் துளையிட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் குழாயில் ஒரு துண்டைச் செருகி, கசியாமல் அடைத்து, வெளிப்பக்கம் மேல்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும். குழாயைத் தாழ்த்தினால் தண்ணீரும் தாழும். இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும் என்ற இயற்பியல் பாடம் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு முனைகளிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றரை ஜல்லி, நடுவில் அரை இஞ்சு ஜல்லி. நிரப்புவதற்கு முன் ஜல்லியை நான்கைந்து தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். கல்தூள் இருந்தால் இடுக்குகள் அடைத்துக்கொள்ளும், முதல் வாரம் முழுவதும் வெளியே வருவது உள்ளே விட்டதைவிடக் கலங்கலாக இருக்கும். தண்ணீர் மட்டம் 20 செ.மீ., அதற்கு மேல் காய்ந்த ஜல்லி 5 செ.மீ. இருக்கட்டும். ஒரு தொட்டியில் மண் அலசிய கல்வாழைக் கிழங்கு இரண்டோ மூன்றோ நடுங்கள். மற்றொன்றில் செடி வேண்டாம், வெறும் ஜல்லி மட்டும். இந்த இரண்டாவது தொட்டியை விட்டுவிடாதீர்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் இது சோதனை ஆகாது.

விடவேண்டிய நீர் அரிசி களைந்த நீரும் தட்டுக் கழுவிய நீரும் மட்டுமே. கழிப்பறை நீரை எந்த வகுப்பிலும் தொடக்கூடாது. பருக்கையைத் துணியில் வடித்துவிட்டு, காலையும் மாலையுமாக ஊற்றலாம். எவ்வளவு ஊற்றுவது என்பதைக் கணக்காசிரியரிடம் விடுவோம்.

கணக்கு வகுப்பில்

ஒரு லிட்டர் குவளையில் விளிம்புவரை ஜல்லி நிரப்புங்கள். அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம்தான் சார்" என்பார்கள். அளவுசாடியால் ஊற்றினால் ஏறக்குறைய 400 மில்லி லிட்டர் பிடிக்கும். பத்தில் நான்கு பங்கு இடுக்கு. பெரிய ஜல்லியிலும் சிறிய ஜல்லியிலும் இந்த எண் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே ஒரு வகுப்பு.

இனி தொட்டி: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீர் உயரம். கன அளவு 36 லிட்டர். அதில் 40 சதவீதம் 14.4 லிட்டர். தண்ணீர் உள்ளே நான்கு நாள் தங்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 3.6 லிட்டர் விடலாம். மாலையில் உள்ளே போன அழுக்குத்தண்ணீர் அடுத்த நாள் காலையிலேயே வெளியே வருவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது நான்கு நாளுக்கு முந்தைய தண்ணீர் என்பதைக் கணக்கு காட்டிவிடும்.

அளந்து பார்த்தல்

முதல் இரண்டு மூன்று வாரம் பெரிதாக எதுவும் நடக்காது. உயிர்ப்படலம் வளர நேரம் வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் வகுப்பின் ஆர்வம் வடிந்துவிடும்.

தெளிவைப் பார்க்க, நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, மேலிருந்து பார்த்தபடி நீரை ஊற்ற வேண்டும். குறி மறையும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக் கூடத் தெளிவு அதிகம்.

ஆக்ஸிஜன் தேவையைப் பார்க்க ஆய்வகத்தில் இருக்கும் மெத்திலீன் நீலம் போதும். ஒரே அளவுள்ள, இறுக மூடும் கண்ணாடிக் குப்பிகள் நான்கு: கிணற்றுநீர், தட்டுக் கழுவிய நீர், செடித்தொட்டி நீர், ஜல்லித்தொட்டி நீர். காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் நீலச் சொட்டு விட்டு, மூடி இருட்டில் வையுங்கள். ஆக்ஸிஜன் தீர்ந்த குப்பியில் நீலம் மறையும். தட்டுக் கழுவிய நீரில் முதலில் மறையும். படுகையிலிருந்து வந்த நீரில் நாள்கணக்கில் நிற்க வேண்டும். பாலின் தரம் பார்க்கும் சோதனையிலும் இதே நீலம்தான். நிறம் மறைந்த குப்பியைத் திறந்து குலுக்கினால் காற்று கலந்து நீலம் திரும்பி வரும். அந்த நொடிக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம். சாயம் கையிலும் சீருடையிலும் ஒட்டினால் லேசில் போகாது. கையுறையோடு ஆசிரியரே சொட்டு விடுவது நல்லது.

இப்போது முக்கியமான இடம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செடி உள்ள தொட்டிக்கும் இல்லாத தொட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சோதனை தோற்றதாக நினைத்து எண்களைத் திருத்த மாணவர்கள் துடிப்பார்கள். திருத்த விடாதீர்கள். "செடி குடிச்சிடுது" என்ற பதிலின் தவறான பாதி வெளிவரும் இடம் இதுதான். செடியே இல்லாத தொட்டியிலும் தண்ணீர் தெளிந்தது என்றால் தெளியவைத்தது யார்? ஒரு ஜல்லியைக் கையுறையோடு எடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணோக்கி இருந்தால் அந்த வழுவழுப்பில் ஒரு துளியை வையுங்கள். மாதங்கள் போகப் போகச் செடியின் பங்கு தெரியவரும். வேர் பரவுவதால் ஆக்ஸிஜனும், படலம் வளரக் கூடுதல் இடமும் கிடைக்கின்றன. நைட்ரஜன் குறைவதிலும் நாளடைவில் வேறுபாடு தெரியும்.

தெளிவான நீர் குடிக்கத்தக்க நீரா?

அல்ல. இதை ஒருமுறை அல்ல, ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும். படுகை கிருமிகளைக் குறைக்கிறது, முழுவதும் நீக்குவதில்லை. கண்ணாடிபோல் வெளிவரும் நீரைப் பார்த்ததும் சிறு பிள்ளைகளுக்குக் கை நீளும். அதைத் தொட்டவர் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த நீர் மரங்களுக்கும் பூச்செடிக்கும் மட்டும். பச்சையாகத் தின்னும் கீரைக்கோ வெள்ளரிக்கோ கூடாது.

இன்னும் சில கேள்விகள் எழும். "ஆகாயத்தாமரை போடலாமா?" அது சத்துகளை வேகமாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் வாரந்தோறும் அள்ளி வெளியேற்றாவிட்டால் அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். "திருப்பூர் சாயத்தண்ணீருக்கு இதைச் செய்யலாமே?" நல்ல கேள்வி. சாயக்கழிவின் பெரிய சிக்கல் அதில் கரைந்துள்ள உப்பு. உப்பைத் தின்னும் நுண்ணுயிரி கிடையாது. வெயிலில் நீர் ஆவியாவதால் வெளிவரும் நீரில் உப்பின் அடர்வு கூடவே செய்யும். அதனால்தான் அங்கே எதிர்ச் சவ்வூடு பரவல் நிலையங்கள் தேவைப்பட்டன. "அப்படியானால் ஊர்ச் சாக்கடையைச் சதுப்பில் விட்டுவிடலாமா, பள்ளிக்கரணையில் விடலாமா?" கூடாது. இருக்கும் ஈரநிலத்தில் கழிவைக் கொட்டுவது வேறு, கழிவுக்கென்று தனியாக ஒன்றைக் கட்டுவது வேறு.

பள்ளிக்கு ஒரு படுகை

மாதிரி நன்றாக வந்தபின், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் இசைந்தால், குழாயடி நீருக்கு உண்மையான படுகை கட்டலாம். 120 மாணவர்கள், கைக்கும் தட்டுக்கும் ஆளுக்கு இரண்டரை லிட்டர் என்றால் நாளுக்கு 300 லிட்டர். 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் நீர் உயரம் எடுத்தால் கன அளவு 3,000 லிட்டர், இடுக்கு 1,200 லிட்டர், தங்கும் காலம் நான்கு நாள். குளிர்நாடுகளில் வீட்டுக் கழிவுநீர் முழுவதற்கும் ஆளுக்கு சுமார் 5 சதுர மீட்டர் ஒதுக்குகிறார்கள். வெப்பநாட்டில், அதுவும் கழுவிய நீருக்கு மட்டும் என்றால் இடம் மிகக் குறைவாகப் போதும். இறுதி அளவை ஒன்றியப் பொறியாளரிடம் காட்டி முடிவுசெய்யுங்கள்.

படுகையைவிட அதற்கு முன்னால் வைக்கும் சிறு தொட்டிதான் முக்கியம் என்பது என் கருத்து. பருக்கையும் எண்ணெயும் நேராக ஜல்லிக்குள் போனால் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எல்லா ஜல்லியையும் வாரிக் கழுவ வேண்டும், யாரும் செய்ய மாட்டார்கள். நடுவில் தடுப்புள்ள இரண்டு அறைத் தொட்டி, தடுப்பின் நடு உயரத்தில் ஓட்டை. எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், இடையில் உள்ள நீர் மட்டும் போகும். வாரம் ஒருமுறை வழித்தெடுத்து உரக்குழியில் போட வேண்டும். அதற்கும் முன்பாக, மீதிச் சோற்றைத் தட்டிலிருந்து தனி வாளியில் கொட்டிவிட்டுக் கழுவப் பழக்கினால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

படுகையின் அடியும் பக்கமும் கசியாமல் சிமெண்ட் பூசியோ கெட்டியான பிளாஸ்டிக் விரிப்புப் போட்டோ இருக்க வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு அருகில் வேண்டாம். வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ வைத்தால் நீர்மட்டத்தை வேண்டியபடி மாற்றலாம். தண்ணீர் எப்போதும் ஜல்லிக்குக் கீழே ஒரு கையகல ஆழத்தில்தான் நிற்க வேண்டும். மேலே ஓரிடத்தில் தேங்கினாலும் கொசு வந்துவிடும், கட்டிய நோக்கமே கெட்டுவிடும். வெளிவரும் நீரை நேராக வாழை, தென்னை, வேலியோரப் பூச்செடிகளுக்குத் திருப்பிவிடுங்கள், தொட்டியில் சேமிக்க வேண்டாம்.

கழிப்பறை நீரை இதில் சேர்க்கும் எண்ணம் வந்தால், அது மாணவர் செயல்திட்டம் அல்ல. பொறியாளர் வடிவமைத்து, மலத்தொட்டியோடு கட்ட வேண்டிய வேலை. அந்தத் தொட்டியில் சேரும் கசடை இயந்திரம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்கட்டும்.

பராமரிப்பைச் சுற்றுச்சூழல் மன்றத்திடம் ஒப்படைக்கலாம். ஒரு குறிப்பேடு போதும்: தேதி, உள்ளே போன நீரின் நிறம், வெளியே வந்த நீரின் தெளிவு, நீர்மட்டம், கொசுப்புழு உண்டா இல்லையா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் செடியின் உயரத்தை அளந்து எழுதலாம். காய்ந்த தண்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து உரக்குழிக்கு அனுப்ப வேண்டும்.

கோடை விடுமுறைதான் இதற்குச் சோதனைக் காலம். மே மாதம் முழுவதும் குழாயடியில் ஆள் இருக்காது, படுகைக்குத் தண்ணீரும் வராது. கல்வாழை இலை கருகினாலும் கிழங்கு தாங்கும். உயிர்ப்படலம் காய்ந்துவிடும். விடுமுறைக்கு முன்பே எல்போவை நிமிர்த்தி மட்டத்தை ஜல்லிக்குச் சற்றுக் கீழ்வரை உயர்த்திவைத்து, பள்ளிக்கு அருகில் வீடுள்ள இரண்டு மூன்று மாணவர்களின் பெற்றோரிடம் சொல்லி, வாரம் இருமுறை சில குடம் தண்ணீர் விடச் செய்யுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் வெளிவரும் நீர் பழையபடி தெளிவாக இருக்காது. அந்த இரண்டு வாரத்தின் அளவுகளையும் குறிப்பேட்டில் விடாமல் எழுதச் சொல்லுங்கள், புதிதாக வரும் வகுப்புக்கு அதுவே முதல் பாடக்குறிப்பு.